துபாயில் இருந்த தங்கச்சி

லண்டனில் மிச்சம் என்ற பகுதிக்கு நாங்கள் வந்த இரண்டாவது வருடம், எட்டு வீடு தள்ளி ஒரு மாடியறைக்கு மெற்றில்டாவும் அவளுடைய கணவன் கஸ்பரும் குடிவந்தார்கள். 1986ஆம் ஆண்டு, மாரிகாலம். பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று அவளாகத்தான் கதையைத் தொடங்கினாள். "ஓம்" என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து போயும் விட்டது. நாங்கள் கதைத்துக்கொண்டே நின்றோம்.

குருநகர்ப் பெண். கல்யாணம் பேசி, முன்பின் பார்த்திராத கஸ்பரிடம் எண்பத்துநாலில் தனியே விமானம் ஏறி வந்தவள். வாய்விட்டுச் சிரிப்பாள். தெருவில் யாருக்காவது சுகமில்லை என்று கேள்விப்பட்டால் ரசத்தைக் காய்ச்சிப் போத்தலில் விட்டுக்கொண்டு ஓடுவாள். பிற்காலத்தில் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்தபோது, வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட அவளைச் சுற்றியே நிற்குமாம். ஒரேயொரு குறை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். மகள் மேரிறோஸ் கசங்கிய சட்டையோடு பள்ளிக்கூடம் போய்விட்டால் அன்று முழுக்க அவளுக்கு மனம் சரியில்லை. அந்தப் பயத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மெற்றில்டாவுக்கு ஒரேயொரு தங்கச்சி, டொலறஸ். அக்கா லண்டனுக்குப் புறப்பட்டபோது அவளுக்குப் பதினேழு வயது. எண்பத்தெட்டில் தன்னையும் லண்டனுக்குக் கூப்பிடச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். கஸ்பர் அப்போது சொந்தமாகக் கடை ஒன்று எடுப்பதற்காக அலைந்துகொண்டிருந்தான். "கடை அலுவல் முடியட்டும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றான். மெற்றில்டாவும் அப்படியே எழுதினாள். டொலறஸ் இரண்டு வருடம் பொறுத்தாள். தொண்ணூறில் ஊரில் திரும்பச் சண்டை தொடங்கியதும் கொழும்புக்கு வந்து, அங்கே ஓர் ஏஜென்சி மூலமாகத் துபாய்க்குப் போனாள். ஓர் அரபு வீட்டில் பிள்ளை பார்க்கவும் வீடு துடைக்கவும்.

இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரியவந்தவை. அந்த நாளில் எனக்குத் தெரிந்தது வேறு கதை. அந்தக் கதை பிறந்த இடத்தில் நானும் இருந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பிறந்தநாள் விழா. டூட்டிங்கில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். என் தங்கை அவுஸ்திரேலியாவில் டொக்டராகப் பாஸ் பண்ணியிருந்த சமயம். அதை நான் மேசைக்கு மேசை சொல்லித் திரிந்துகொண்டிருந்தேன். மெற்றில்டாவின் மேசைக்கு வந்தபோது, சொல்லிவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "உம்மட தங்கச்சி துபாயிலை எண்டு சொன்னீரெல்லோ, அவ என்ன செய்யிறா?" என்று கேட்டேன். ஆறேழு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெற்றில்டா கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். "நேர்ஸ்" என்றாள்.

பக்கத்தில் நின்ற கஸ்பருக்கு உண்மை தெரியும். அவனும் திருத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு டொலறஸ் துபாயில் பெரிய ஆசுப்பத்திரி ஒன்றில் நேர்ஸ்.

துபாய்க்குப் போகும் யோசனை என் கணவர் குலசேகரத்தினுடையது. தொண்ணூற்றாறு தொடக்கத்தில் அங்கே கடைத் திருவிழா ஒன்று முதன்முதலாக நடக்கப் போகிறது என்று பேப்பரில் பார்த்தார். தங்கம் மலிவாம், கார் பரிசு விழுமாம், ஊரெல்லாம் லைற்றாம். எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. அதைக் கொண்டு எங்கேயாவது போகவேண்டும் என்று அவருக்கு ஒரே துடிப்பு. கஸ்பரைப் பிடித்துக்கொண்டார். கஸ்பருக்கும் ஆசை. மெற்றில்டா மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தாள்.

"தங்கச்சியைப் பார்த்துப் பன்னிரண்டு வருசம் எண்டு அழுவீரே, பிறகென்ன?" என்று நான்தான் கேட்டேன். அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. பிள்ளைகளைக் கஸ்பரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் மார்ச் மாதம் புறப்பட்டோம்.

துபாய் விமான நிலையத்தில் எங்கள் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் கொழும்பு விமானத்தில் வந்த பெண்கள் நின்றார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். கையில் பிளாஸ்ரிக் உறை, அதற்குள் கடதாசிகள். ஒருவன் ஆட்டுமந்தையை எண்ணுவதுபோல விரலை நீட்டி நீட்டி அவர்களை எண்ணினான். அவர்களில் சிலர் தமிழில் கதைப்பது கேட்டது.

"பார்த்தீரே" என்றார் குலசேகரம். "அரபிக்காரன்ர வீட்டிலை கக்கூஸ் கழுவ வந்து நிக்குதுகள். எங்கட சனத்தின்ர மானம் இதுகளாலைதான் போகுது."

கஸ்பர் தன் பாஸ்போட்டைப் பிரித்துப் பார்த்தான். மெற்றில்டா குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டினாள். அவிழாத நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள் என்பது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்ல? பாதி கட்டி முடிந்திருந்தது, பாதி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் கிரேன். கடலுக்குள் ஒரு பெரிய ஹொட்டேல் எழும்பிக்கொண்டிருந்தது. தங்கக் கடைத் தெருவில் காப்புகளை மரக்கறி மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். மெற்றில்டா என் பக்கத்தில் நடந்தாளே தவிர எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் டொலறஸுக்கு லீவு, ஹொட்டேலுக்கு வருவாள் என்று ஏற்பாடு. அன்று புதன்கிழமை.

ஆண்கள் இருவரும் வீடியோக் கமெரா பார்க்கப் போய்விட்டார்கள். நானும் அவளும் ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு மேசை தள்ளி ஓர் அரபுக் குடும்பம். புருசன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். நீல நிறத்தில் முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் கடைப் பைகளை வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய முகம் அப்படியே மலர்ந்தது. குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எங்கள் பக்கமாக ஓர் அடி வைத்தாள்.

"மெற்றில்டா, அந்தப் பிள்ளை எங்கட ஊர்ப் பிள்ளை போல கிடக்கு" என்றேன். "எங்களைத்தான் பார்க்குது. உமக்குத் தெரிஞ்ச ஆளோ?"

மெற்றில்டா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். உடனே ஐஸ்கிறீம் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

"தெரியாது" என்றாள். "இஞ்சை இப்பிடி எத்தினை பேர். அக்கா, எனக்குத் தலையிடிக்குது, போவம்."

நாங்கள் எழுந்தோம். அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தட்டியபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எங்களுக்கு வழி விட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டொலறஸ் ஹொட்டேலுக்கு வந்தாள். துவைத்து மடிப்புக் கலையாத பருத்திச் சல்வார், பின்னி விட்ட தலைமயிர், மேரிறோஸுக்கு ஒரு பொம்மை. மெற்றில்டா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் வரவேற்பறை நடுவில் நின்று அழுதார்கள். கஸ்பரும் கண்ணைத் துடைத்தான். நான் மட்டும் இருந்த இடத்தில் இருந்தேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோதே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

சோபாவில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. டொலறஸ் கோப்பையை எடுத்தபோது கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, நகத்தைச் சுற்றி வெள்ளையாக வெடித்திருந்தது. பிளீச் தண்ணியில் கிடந்த கை. எனக்குத் தெரியாதா? லண்டனுக்கு வந்த முதல் மூன்று வருடம், விடியப்புறத்தில், ஆட்கள் வேலைக்கு வரமுதல், கந்தோர்களில் கக்கூஸ் கழுவித்தான் நானும் பிழைத்தேன். என் கையும் அப்படித்தான் இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எல்லாம் தெரிந்துகொண்டும் நான் கேட்டேன். "எந்த ஆசுப்பத்திரியிலை தங்கச்சி வேலை?"

ஏன் கேட்டேன்? இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். நல்ல பதில் ஒன்றும் வரவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

மெற்றில்டாவின் முகத்தில் இரத்தம் இல்லை. நேர்ஸ் கதையைத் தங்கைக்கு அவள் சொல்லியே இருக்கவில்லை.

டொலறஸ் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "பிரைவேட் ஆசுப்பத்திரி அக்கா, பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது" என்றாள். "சின்னப் பிள்ளையளின்ர வார்ட். இரவு பகல் எண்டில்லை, ஒரே அழுகை."

"அப்ப நல்ல வேலை" என்றார் குலசேகரம். "கௌரவமான வேலை."

"ஓம் அண்ணை" என்றாள் டொலறஸ். "மரியாதையா நடத்துகினம்."

ஆறு மணிக்கு அவள் போகவேண்டும். மெற்றில்டா வாசல்வரை போனாள். ஐந்து நிமிடம் நின்று கதைத்தார்கள். கடைத்தொகுதியில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லையாம். கடைசியில் டொலறஸ், "அக்கா, ஆடி மாசம் லண்டனிலை நல்ல வெயிலோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"சில வருசம் வெயில்தான். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா கேட்டனான்" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

லண்டனுக்குத் திரும்பியபின் மெற்றில்டா முன்னைப்போல இல்லை. சிரிப்புக் குறைந்தது. நான் கவனித்தேன், கேட்கவில்லை. டொலறஸின் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. தொண்ணூற்றேழில் அவள் ஒப்பந்தம் முடிந்து இலங்கைக்குத் திரும்பி, நீர்கொழும்பில் வான் ஓட்டும் ஒருவரைக் கல்யாணம் முடித்துக்கொண்டாள். படம் அனுப்பியிருந்தாள். மெற்றில்டா அதை எனக்குக் காட்டி, "நல்ல மனுசன் போல கிடக்கு" என்றாள்.

தொண்ணூற்றெட்டு ஒக்ரோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மாதா கோயிலுக்குப் போன உடுப்போடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"அக்கா, டொலறஸ் லண்டனுக்கு வந்தவளாம்" என்றாள்.

"எப்ப?"

"நாங்கள் துபாய்க்குப் போட்டு வந்த அதே வருசம். ஆடி, ஆவணி. ஆறு கிழமை."

தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது அஞ்சலீனா என்ற ஒரு மன்னார்ப் பெண் அவளிடம் வந்திருக்கிறாள். முகச்சாயலைப் பார்த்து, "நீங்கள் டொலறஸின்ர அக்காவே?" என்று கேட்டிருக்கிறாள். துபாயில் அதே வீட்டில் டொலறஸோடு வேலை செய்தவள் இந்த அஞ்சலீனா. வெயில் காலத்தில் அந்தக் குடும்பம் லண்டனுக்கு வருவது வழக்கம். ஹைட் பார்க்குக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு மாடிவீடு. அந்த வருடம் வேலைக்காரப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாஸ்போட் இரண்டும் எசமானி கையில். பின்னேரங்களில் பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப்போவதுதான் இவர்களுக்கு வெளியுலகம்.

"லண்டனுக்குப் போனா அக்காட்டைப் போயிடுவன் எண்டு அந்த மாசி மாசம் முழுக்க என்னட்டைச் சொல்லிக்கொண்டு இருந்தவ" என்று அஞ்சலீனா சொன்னாளாம். "நீங்கள் துபாய்க்கு வரேக்கை நேரிலை கேக்கப் போறன் எண்டவ. வந்து போனாப்பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை."

பார்க்கில் அஞ்சலீனாதான் வற்புறுத்தியிருக்கிறாள். ஒரு நாள் ரெலிபோன் பெட்டிக்குள் தள்ளாத குறையாக அனுப்பினாள். டொலறஸ் நம்பரை அழுத்தினாள். மெற்றில்டாதான் எடுத்தாள். "ஹலோ, ஹலோ, ஆர் கதைக்கிறது?" அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு டொலறஸ் றிசீவரை வைத்துவிட்டாள்.

"ஏன் கதைக்கேல்லை எண்டு கேட்டன். அக்கா அங்கை மதிப்பா இருக்கிறா, நான் போய் அவவுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டவ."

அதற்கு அடுத்த கிழமை அஞ்சலீனா ஓடிவிட்டாள். இரண்டு பேருமாகத்தான் ஓடுவதாக இருந்ததாம். கடைசி நிமிடத்தில் டொலறஸ் குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் போனா இதுகள் தனிய நிக்குங்கள், நீர் போம்" என்று சொல்லிவிட்டாள். அஞ்சலீனா யாரோ உதவிசெய்யும் ஆட்களிடம் போய்ச் சேர்ந்து, ஒளித்திருந்து வேலை செய்தாள். அப்படி ஓடிவந்தவர்களுக்கு விசா கொடுப்பதாக இந்த வருடம் அரசாங்கம் சொன்னதால், இப்போதுதான் கோயிலுக்கென்று வெளியே வரத் தொடங்கியிருக்கிறாள். டொலறஸுக்கு அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

மெற்றில்டா இவ்வளவையும் அழாமல் சொன்னாள். பிறகுதான் புதன்கிழமைக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். "அக்கா, அண்டைக்கு ஐஸ்கிறீம் கடையிலை..."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அவ உள்ளுக்கு வரேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே எந்த ஆசுப்பத்திரி எண்டு கேட்டனீங்கள்?"

என் கையை அவள் முன்னால் வைத்து, நான் கந்தோர் கழுவிய கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் முதல்தரம். அவள் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதை அந்தப் பிறந்தநாள் விழாவிலை சொல்லியிருக்கலாமே, அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நீர்கொழும்புக்கு என் வீட்டிலிருந்துதான் கோல் எடுத்தாள். டொலறஸின் பக்கத்து வீட்டில் ரெலிபோன் இருந்தது. கூப்பிட்டுவிடச் சொல்லிக் காத்திருந்தோம். எனக்கும் கேட்கும்படி றிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"அக்காவோ? என்ன இந்த நேரத்திலை? மேரிறோஸுக்குச் சுகமோ?"

"எல்லாருக்கும் சுகம். டொலறஸ், நீ லண்டனுக்கு வந்தனியெல்லே? அஞ்சலீனாவைக் கண்டனான். எல்லாம் சொன்னவ."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"எந்த அஞ்சலீனா?" என்றாள் டொலறஸ். "அவ ஆரையோ மாறிச் சொல்லியிருக்கிறா அக்கா. நான் லண்டனுக்கு வரேல்லை."

"பொய் சொல்லாதை. கோல் எடுத்தனி. என்ர சத்தத்தைக் கேட்டனி."

"லண்டனுக்கு வந்தா உங்களைப் பார்க்காமல் போவனே? நீங்கள் என்ர அக்காவெல்லோ."

மெற்றில்டா மற்றக் கையாலும் றிசீவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புதன்கிழமை, கடையிலை, நான் உன்னைக் கண்டனான். கண்டுகொண்டுதான்..."

"எந்தக் கடை? வெள்ளிக்கிழமை ஹொட்டேலிலைதானே அக்கா நாங்கள் முதல் சந்திச்சது." குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "பழசுகளை விடுங்கோ. இஞ்சை நல்ல மழை. எனக்கு இப்ப அஞ்சாம் மாசம், உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறன், கிடைச்சதோ?"

மன்னிப்புக் கேட்க அவள் இடமே விடவில்லை. எத்தனை தரம் தொடங்கினாலும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. இருபது நிமிடம் பிள்ளைப்பேறு பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்துவிட்டு மெற்றில்டா றிசீவரை வைத்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு "போட்டு வாறன்" என்றும் சொல்லாமல் நடந்து போனாள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மேசையில் பத்துப் பேர் இருந்தோம். குலசேகரமும் இருந்தார். பேச்சுவாக்கில் ஒருத்தி, "உங்கட தங்கச்சி துபாயிலை நேர்ஸா இருந்தவவெல்லோ, இப்ப எங்கை?" என்று மெற்றில்டாவிடம் கேட்டாள்.

"நேர்ஸ் இல்லை" என்றாள் மெற்றில்டா. "அரபு வீட்டிலை வேலைக்கு நிண்டவ. ஏழு வருசம். நான்தான் நேர்ஸ் எண்டு பொய் சொன்னனான்."

கஸ்பர் தலையைக் குனிந்தான். குலசேகரம் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தார். கேட்டவள், "அப்பிடியே? பாவம், கஷ்டப்பட்டிருப்பா" என்றாள். அதற்குள் புரியாணி வந்துவிட்டது. எல்லாரும் தட்டுகளை நகர்த்தி இடம் விட்டார்கள். பேச்சு மாப்பிள்ளையின் படிப்புக்குப் போய்விட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மெற்றில்டா என்னைப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அந்த இரவே தங்கைக்கு எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் மாறிவிட்டதாம், ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை ஒன்று அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தாள். மற்றதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மெற்றில்டா அன்றைக்கே குறொய்டனுக்குப் போய், கடை கடையாய் ஏறி இறங்கிச் சட்டை தேடினாள். நானும் கூடப் போனேன்.